ஹிப்-ஹாப் கேட்கப் பழகுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காதுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டுக்குப் போகிற ஷிப்டு பஸ்ஸில் பையன்கள் காதில் ராப் ஓடுகிறது, தாளத்தில் பேசுகிற ஹிப்-ஹாப் பாட்டு. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கல்லூரிப் பெண்ணின் இயர்போனிலும் அதுதான். வீட்டுக்கு வந்து சத்தமாகப் போட்டால் அப்பா கேட்பார்: "இது பாட்டாடா? யாரையோ திட்டுற மாதிரியில்ல இருக்கு?"

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் பீட்டோடு நின்றுவிடுகிறார்கள். கேட்காத பெரியவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கிற விஷயம் இரு தரப்புக்கும் கிடைக்காமல் போகிறது. "நீ யார், எந்த ஊர், உன்னை யார் மதிக்கவில்லை?" என்ற கேள்விக்கு ஒரு மக்கள் கூட்டம் தாளத்தில் நின்று சொன்ன பதில்தான் ஹிப்-ஹாப். அந்தப் பதிலைக் கேட்கத் தெரிந்துகொண்டால், நம்ம ஊரில் அதே கேள்விக்கு யார் யார் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் காதில் விழ ஆரம்பிக்கும். அதற்கு அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி: காதைத் தயார் செய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் ராப் கேட்காதீர்கள். இந்த இசையின் உயிர் அடியில் ஓடும் பேஸ் சத்தத்தில் இருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. விலை குறைந்த வயர் இயர்போன் போதும்.

அப்புறம் எண்ணிப் பழகுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெரும்பாலான பாட்டில் ஒன்றிலும் மூன்றிலும் "டும்" என்று கிக் டிரம் விழும். இரண்டிலும் நான்கிலும் "டக்" என்று ஸ்நேர் விழும். இந்த நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். பதினாறு பார் சேர்ந்தால் வழக்கமாக ஒரு சரணம். சரணங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு ஹூக் என்று பெயர். நம் பல்லவி மாதிரி வைத்துக்கொள்ளலாம். 1990-களின் நியூயார்க் பாட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 85 முதல் 95 அடி வரையிலான நிதானமான வேகத்தில் போகும். புதிதாகக் கேட்பவர்கள் அங்கே ஆரம்பிப்பது நல்லது. அதிவேகமாகப் பேசுகிறவர்தான் பெரிய ராப்பர் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை பிடிபட்டதும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாடுகிறவரின் முக்கியமான சொல் அந்த "டக்" மேல் சரியாக விழுகிறதா, கொஞ்சம் முந்துகிறதா, வேண்டுமென்றே பிந்துகிறதா? இதைத்தான் ஃப்ளோ என்கிறார்கள். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் அடியை இழுத்துப் பிடித்து விடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். முதல் தடவை அர்த்தம் தேட வேண்டாம். ஆங்கிலம் புரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம்.

இரண்டாம் படி: அது பிறந்த தெருவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் ஹிப்-ஹாப்பை தங்கச் சங்கிலியும் கார் பந்தாவுமாகப் பார்க்கிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் நிற்போம்.

நியூயார்க் நகரின் வடக்கே பிராங்ஸ் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்களும், புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும், கரீபியன் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் நெருக்கமாக வாழ்ந்த இடம். 1948-ல் தொடங்கி 1972 வரை கிராஸ் பிராங்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற நெடுஞ்சாலையை அந்தக் குடியிருப்புகளின் நடுவே வெட்டிக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி இருந்தவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். 1970-களில் நகராட்சியிடம் பணம் இல்லை, தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வாடகை வராத கட்டடத்தை இன்சூரன்ஸ் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்திய கதைகளும் நடந்தன. தெருத்தெருவாக எரிந்த கட்டடங்கள். நம்ம ஊரையும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பிளந்துகொண்டுதான் போகிறது. சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பம் எதுவும் பக்கத்தில் இருந்தால், ஒரு ரோடு ஒரு ஊரை என்ன செய்யும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த பிராங்ஸில் செட்விக் அவென்யூ, 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு பார்ட்டி நடந்தது. ஏற்பாடு செய்தது சிண்டி கேம்ப்பெல் என்ற பெண். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்ப்பது அவர் எண்ணம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், மேடைப் பெயர் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவில் பிறந்து, 1967-ல் நியூயார்க் வந்தவர். தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, பாட்டுக்கு நடுவே மைக்கில் பேசிக் கூட்டத்தைக் கிளப்புவது ஜமைக்கா பழக்கம். நம் திருவிழாவில் மைக்செட்காரர் செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வரும்.

ஹெர்க் செய்த காரியத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஃபங்க் என்ற கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டு ஒன்றில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் சில நொடிகள் உண்டு. அதற்கு பிரேக் என்று பெயர். ஆடுகிறவர்கள் அந்தச் சில நொடிக்காகவே காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார், தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளில் வைத்தார். ஒன்றில் பிரேக் ஓடி முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கிவிடுவார். அது ஓடும் நேரத்தில் முதல் தட்டைக் கையால் பின்னுக்குச் சுற்றித் தயாராக வைப்பார். சில நொடி நிமிடக்கணக்கில் நீண்டது. புது வாத்தியம் வாங்க வழியில்லாத இடத்தில், இருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். அந்த நீண்ட தாளத்தின் மேல் ஆடியவர்கள் பிரேக்கிங் ஆட்டத்தை உருவாக்கினார்கள். மைக்கில் பேசியவர்கள் எம்சி ஆனார்கள். சுவரிலும் ரயில் பெட்டியிலும் வண்ணம் அடித்துப் பெயர் எழுதிய கிராஃபிட்டியும் இதோடு சேர்ந்துகொண்டது. டிஜே, எம்சி, பிரேக்கிங், கிராஃபிட்டி என்று நான்கு கைகள் கொண்ட கலை இது. எம்சி சொல்கிற ராப் அதில் ஒன்றுதான். பிரேக்கிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போய்விட்டது.

கிராஃபிட்டியில் ஒரு செய்தி. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் முழுக்க "டாக்கி 183" என்று ஒரு கையெழுத்து இருந்தது. எழுதிய பையனின் செல்லப்பெயரும் அவன் வாழ்ந்த 183-ஆம் தெருவும் சேர்ந்தது அது. பெயர், ஊர். இந்த ஜோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு வரிசையில் கேளுங்கள்

யூடியூப் தள்ளிவிடும் வரிசையில் கேட்டால் கதை புரியாது. என் பரிந்துரை கீழே. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை.

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவ் குழுவும் 1982-ல் வெளியிட்ட "தி மெசேஜ்" முதலில். அதுவரை பெரும்பாலும் கொண்டாட்டமாக இருந்த ராப், அந்தப் பாட்டில் தெருவின் வறுமையை நேராகச் சொன்னது. அடுத்து பப்ளிக் எனிமி, 1989, "ஃபைட் தி பவர்". ஸ்பைக் லீயின் படத்துக்காகச் செய்தது. இதில் சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பழைய பாட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் சாம்பிளிங் என்றால் என்ன என்று அங்கே கேட்கலாம். அப்புறம் நாஸ், 1994, "இல்மாட்டிக்". நாற்பது நிமிடம்கூட ஓடாத ஆல்பம், குயின்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்த இளைஞன் ஜன்னல் வழியே பார்த்ததைச் சொல்வது. ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் நேரம் என்றால் இதைக் கேளுங்கள்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். லாரின் ஹில்லின் 1998 ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமியின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றது. ராப்பும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடைசியாக கென்ட்ரிக் லமார். அவருடைய "டேம்" ஆல்பத்துக்கு 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை.

கேட்கும்போது சங்கடமான இடங்கள் வரும். துப்பாக்கி, போதை, பெண்களைக் கேவலப்படுத்தும் வரிகள். பெயரே இல்லாமல் வாழவைக்கப்பட்டவன் "நான்தான் ராஜா" என்று கத்துவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பெண்ணை இழிவாகப் பேசுவதற்கு அந்த நியாயம் செல்லாது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கலாம். கறுப்பின மக்களை அடிமைப்படுத்தியவர்கள் அவர்கள்மேல் எறிந்த ஒரு வசைச்சொல் இந்தப் பாட்டுகளில் அடிக்கடி வரும். அவர்கள் அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறு. கூடச் சேர்ந்து பாடும்போது நாம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மரியாதையைக் கல்லூரி மேடையில் பாடும் பிள்ளைகள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: வரிகளைக் கையில் வைத்துக் கேளுங்கள்

ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை தாளத்துக்கு. இரண்டாம் முறை வரிகளைப் படித்துக்கொண்டே. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாவதில்தான் பாட்டு திறக்கும்.

தமிழ் ராப்புக்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல அளவுகோல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த எதுகை, மோனை, இயைபு மூன்றும் போதும். ஆங்கில ராப் பெரும்பாலும் வரிக் கடைசியில் ஒலி ஒத்துப்போவதையும், வரிக்குள்ளேயே பல அசைகள் ஒத்துப்போவதையும் நம்பி நிற்கிறது. தமிழில் வரி முடிவில் ஒலி ஒத்துவருவது மலிவானது. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடிவதால் "போறேன், வாறேன், பாக்குறேன், கேக்குறேன்" என்று எழுதிக்கொண்டே போகலாம். எல்லாமே இயைபாகத்தான் இருக்கும், ஒன்றும் மனதில் ஒட்டாது. ஒரு தமிழ் ராப்பர் தேறியவரா என்று பார்க்க இதுதான் என் முதல் சோதனை. விகுதியை நம்பி ஓட்டுகிறாரா, சொல்லின் வேரில் ஒலியைத் தேடுகிறாரா?

உதாரணத்துக்கு நானே கட்டிய இரண்டு வரி:

கடைசி வண்டி காவேரிப்பட்டணம், கண்ணுல தூக்கம்
ஓசூரு ஷிப்டு ஓஞ்ச பின்னும் ஒடம்புல தாக்கம்

முதல் வரியில் க, கா, க என்று மோனை. இரண்டாவதில் ஓ, ஓ, ஒ. முடிவில் தூக்கம், தாக்கம் என்று எதுகையும் இயைபும் சேர்ந்து விழுகின்றன. நான்கு எண்ணிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். நெடில் வரும் இடத்தில் நாக்கு கொஞ்சம் நிற்கும், குறில் அடுக்கிய இடத்தில் ஓடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று மனப்பாடம் செய்த கணக்கு இங்கே உடம்பில் உறைக்கும்.

அடுத்தது மூச்சு. எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவருக்கு ஒரு ராப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அர்த்தம் கேட்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, இவன் மூச்சு எங்க வுடுறான்?" என்றார். விடிய விடிய வசனம் பேசுகிறவரின் கேள்வி அது. அதற்கப்புறம் நான் எந்த ராப்பரைக் கேட்டாலும் மூச்சு வாங்கும் இடத்தைத் தேடுகிறேன். நல்லவர்கள் மூச்சையும் தாளத்துக்குள் வைத்து மறைத்துவிடுவார்கள். ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டி மூச்சே இல்லாமல் செய்த பாட்டு, மேடைக்கு வந்ததும் திணறும். நேரலைப் பதிவுகளைத் தேடிக் கேட்பது அதனால்தான் முக்கியம்.

ஐந்தாம் படி: தமிழ் ராப் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

சினிமாவில் 1994-லேயே "காதலன்" படத்தின் "பேட்டை ராப்" வந்துவிட்டது. ஆனால் தமிழில் ஹிப்-ஹாப்பை ஒரு வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களைத் தேடினால் மலேசியாவுக்குப் போக வேண்டும். யோகி பி-யும் நட்சத்ரா குழுவும் 2006-ல் "வல்லவன்" ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் "மடை திறந்து" பாட்டு, 1980-ல் "நிழல்கள்" படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டை எடுத்துப் புதிதாகக் கட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்பாவையும் கூட உட்கார வையுங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டிலிருந்து தொடங்கினால் அவர் எழுந்து போக மாட்டார்.

லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 2005-ல் "அருளர்" என்று தன் தந்தையின் இயக்கப் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார். அகதி வாழ்வையும் போரையும் மேற்கத்திய நடனத் தாளத்தில் போட்டார். தாய்மண்ணை விட்டுத் தூரப் போனவர்கள்தான் முதலில் இந்த வடிவத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கூல் ஹெர்க்கும் குடிபெயர்ந்தவர்தான்.

அப்புறம் சென்னை. ஹிப்ஹாப் தமிழா வழியாகத்தான் நம் மாவட்டப் பையன்கள் பலருக்கு இந்தச் சொல்லே அறிமுகம். 2018 தொடக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்றவர்கள் என்ற அந்தப் பெயருக்கான தூண்டுதல் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்திலிருந்து. கானா, பறை, ராப் மூன்றும் ஒரே மேடையில் நின்றன. அந்தக் குழுவில் பாடிய அறிவு 2019-ல் "தெருக்குரல்" வெளியிட்டார். 2021-ல் பாடகி தீயோடு சேர்ந்து அவர் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி"யைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதில் வருகிற நிலம் இழந்த கதைக்குப் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அவருடைய பாட்டி இருக்கிறார். ஒப்பாரியின் இழுப்பு அந்தப் பாட்டின் உள்ளே இருப்பதை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. அடையாளம், பெருமை என்றாலே நம் பக்கம் பலர் சாதிப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். திருவிழா ஸ்பீக்கரில் பீட் போட்டு, சாதிப் பெயர் சொல்லி மிரட்டும் பாட்டுகள் ஓடுகின்றன. ராப் மாதிரி இருப்பதால் அது ஹிப்-ஹாப் ஆகிவிடாது. ஹிப்-ஹாப் மிதிக்கப்பட்டவன் நிமிர்ந்து சொன்ன பேச்சு. மிதிக்கிறவன் மீசை முறுக்குவதற்கு அந்தத் தாளத்தைக் கடன் கேட்பது, பிராங்ஸில் எரிந்த வீடுகளை அவமதிப்பது. 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் சாதி வெறியில் கொளுத்தப்பட்ட தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் ஹிப்-ஹாப்பின் அடையாளத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம் படி: நம்ம ஊர் ஒலிகளோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்கு ஒரு ராத்திரி போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம் என்று அது நாள்கணக்கில் நடக்கும். வேஷக்காரர் மேடைக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் வரும், கிரீடம் மட்டும் மேலே தெரியும், குரல் வரும், ஆளைப் பார்க்க முடியாது. துணி விலகியதும் கட்டியக்காரன் குறுக்கே நின்று, நீ யார், எந்த நாடு, இங்கே என்ன வேலை என்று மடக்குவான். ராஜா தன் பெயரையும் குலத்தையும் வீரத்தையும் அடுக்கி அடுக்கிச் சொல்லுவார். பக்கப்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஒரு எம்சி மைக்கைப் பிடித்ததும் செய்வது இதுதான். பின்னால் நின்று வரியின் கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்கிறவரும் ராப் மேடையில் உண்டு.

அதற்காக "ராப் நம்ம கூத்திலிருந்து போனதுதான்" என்று சொல்லக் கூடாது. அப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பிராங்ஸ் பையன்கள் கூத்து பார்த்ததில்லை. அவர்கள் உருவாக்கியதை அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டால்தான், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஒன்று ஏன் முளைத்தது என்று யோசிக்க முடியும்.

பெயர், ஊர் என்ற ஜோடிக்கு வருவோம். நம் இரண்டு மாவட்டங்களிலும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிதானமாகப் பார்க்கலாம். கவர்ந்து போன மாட்டை மீட்கப் போய் இறந்தவன் கையில் வில்லோ வாளோ இருக்கும். மேலே அவன் பெயர், ஊர், எந்த அரசன் காலம் என்ற எழுத்து இருக்கும். அரண்மனைக்காரன் இல்லை, ஊரைக் காக்கப் போனவன். டாக்கி 183 உயிரோடு இருக்கும்போதே தானே எழுதிக்கொண்டான், இவனுக்கு ஊர் எழுதி வைத்தது. அந்த வித்தியாசத்தோடுதான் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பேச்சு மொழியையும் கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே டீக்கடை பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஓடும். பையன்கள் வாக்கியத்தின் பாதியில் மொழி மாறுவார்கள். ராப் எழுத வரும்போது மட்டும் சென்னைத் தமிழ் பேச முயல்கிறார்கள். அது வேண்டாம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா என்று ஒவ்வொரு ஊர் ராப்பும் தன் பேச்சை வைத்தே தனியாகத் தெரிகிறது. தர்மபுரிக்காரன் இழுக்கிற இழுப்பு அப்படியே மைக்கில் வரட்டும்.

ஏழாம் படி: எட்டு பார் எழுதிப் பாருங்கள்

ராப்பர் ஆவதற்காக இல்லை. ஒரு தடவை எழுதிப் பார்த்தவர் கேட்கும் விதமே மாறிவிடும். யூடியூபில் இலவச பீட்டுகள் கிடைக்கும், நிமிடத்துக்கு 90 அடியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேங், துப்பாக்கி, பென்ஸ் கார் எதுவும் வேண்டாம், அவை உங்கள் தெருவில் இல்லை. மாங்கூழ் ஆலை சீசனில் லாரி வரிசையில் காத்திருக்கும் மாமா இருக்கிறார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் பொங்கலுக்கு மட்டும் வருகிற சித்தப்பா இருக்கிறார். விடிவதற்குள் ரோஜா பறித்துக் கட்டும் அக்கா இருக்கிறார். எருது விடும் திருவிழாவில் மாட்டின் பின்னால் ஓடும் தம்பி இருக்கிறான். ஒருவரை மட்டும் எடுத்து, அவர் கையில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு எழுகிறார், யார் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். "றேன், றேன்" என்று முடியும் வரிகளை அடித்துவிடுங்கள். எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போடுங்கள்.

போனில் பதிவு செய்து, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எந்த வரியில் சிரிக்கிறார், எந்த வரியில் "அப்படியில்ல கண்ணு" என்று திருத்துகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய வரியை அவர் சொன்ன சொல்லிலேயே மாற்றி எழுதி, மறுபடி பதிவு செய்யுங்கள்.